மனசால ஜெபம்

படியில் பூட்ஸ் சத்தம் கேட்டபோது தோட் பார் அரிசிப் பைக்கு முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தாள்.

தோட் பார் என் தங்கை. மடியில் இன்னும் தலை நிற்காத பிள்ளை. அந்தச் சபைக் கூடத்தில் ஐ.நா. அகதி அட்டை இல்லாதவள் அவள் ஒருத்திதான். வியாழக்கிழமை அட்டைக்கு நேர்காணல். அதுவரை யார் கண்ணிலும் படாமல் இருந்தால் போதும். பட்டால் நேரே தடுப்பு முகாம், அப்புறம் பர்மா.

கோலாலம்பூரில், ஒரு கோழிக்கடைக்கு மேலே இருக்கிறது அந்தச் சபை. திங்கட்கிழமைதோறும் அரிசி, எண்ணெய் கொடுப்பார்கள். பர்மாவின் சின் மலையை விட்டு ஓடிவந்த எங்களுக்கு அதுதான் அடுப்பு எரிய வழி.

ஜன்னலோரம் நின்றவன் எட்டிப் பார்த்துவிட்டு, போலீஸ் என்றான்.

பாஸ்டர் யாப் வெளியே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். அவர் மனைவிக்கு முகம் வெளுத்துவிட்டது, பாவம். எங்களை உட்காரவைத்து, மலாயில் மெல்லச் சொன்னார்.

"யாரும் பயப்படாதீங்க. மனசால ஜெபம் பண்ணுங்க."

இவர்கள் சபையில் ஜெபம் என்றால் வங்கி வரிசையில் நிற்பதுபோல இருக்கும். கண்ணை மூடுவார்கள், உதடு அசையாது. தோட் பாருக்கு அதைப் பார்த்தாலே சிரிப்பு.

"இவங்க ஆண்டவர் பக்கத்து வீட்லயே இருக்கார் போலக்கா. நம்மவர் மலைக்கு அந்தாண்ட இருக்கார், கத்தினாத்தான் கேக்கும்."

எங்கள் மலையில் மனசால ஜெபிப்பது வேறு. சபை முழுக்க ஒரே நேரத்தில், அவரவர் குறையை அவரவர் அடிவயிற்றிலிருந்து கத்த வேண்டும். சத்தம் குறைந்தால் மனசு இல்லை என்று அர்த்தம். மூப்பர் வந்து தோளைப் பிடித்து உலுக்குவார்.

அன்றைக்குத் தோட் பாருக்கு இருந்த மனசு வேறு யாருக்கு இருந்திருக்கும்?

பிள்ளையை மார்போடு இறுக்கிக்கொண்டாள். முதல் குரல் அவளுடையதுதான். அடுத்த நொடி கூடமே அலறியது. நானும் தொண்டை கிழியக் கத்தினேன்.

யாரோ என் தோளை உலுக்கினார்கள். நான் இன்னும் சத்தம் கூட்டினேன். அது பாஸ்டரின் மனைவி என்பதும், ஒவ்வொருவர் தோளாக உலுக்கி அழுதுகொண்டிருந்தார் என்பதும் பிறகுதான் தெரிந்தது.

ஆமென் சொல்லிக் கண்ணைத் திறந்தபோது கதவு திறந்திருந்தது. இரண்டு போலீஸ்காரர்கள் எங்களையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். அட்டை கேட்டார்கள். எல்லாரும் எடுத்துக் காட்டினோம், அவளைத் தவிர.

அவளையும் பிள்ளையையும் ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போன பிறகு, பாஸ்டர் யாப் படியிலேயே உட்கார்ந்துவிட்டார். யார் காட்டிக்கொடுத்தது என்று அவரைக் கேட்டேன். எனக்கு அந்தப் பாவியின் பெயர் வேண்டும்.

யாரும் காட்டிக்கொடுக்கவில்லையாம்.

அரிசி வண்டி வழியை மறித்து நிற்கிறது, கொஞ்சம் நகர்த்துங்கள் என்று சொல்ல வந்தார்களாம். இவர் சரி என்றாராம்.

பாதிப் படி இறங்கிவிட்டார்களாம்.