மூன்றாவது பெருக்கல் குறி

“குனிஞ்சுக்குங்க டீச்சர், அவ திரும்புறா.”

அம்மா முன்சீட்டுக்குக் கீழே தலையை மறைத்துக்கொண்டாள். தங்கையிடம் இரவல் வாங்கிய மழைக்கோட்டு, முகத்தில் மாஸ்க், அதற்கு மேல் கறுப்புக் கண்ணாடி. மேகமே இல்லாத காலையில் பஸ்ஸில் எல்லோரும் பார்த்தது அவளைத்தான்.

பக்கத்தில் இருந்த, மகளுக்குப் பயிற்சி தரும் டீச்சர் குனியவில்லை. மடியில் அட்டை, அதில் செருகிய தாள், கையில் பேனா.

ஏழு வரிசைக்கு முன்னால் ஜன்னலோரம் மகள். பதினெட்டு வயது. எதையும் பத்துத் தடவை சொன்னால்தான் மனதில் ஏறும், ஏறிவிட்டால் இறங்காது. சிறப்புப் பள்ளியில் இது அவளுக்குக் கடைசி வாரம். ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் ஆறு மாதப் பயிற்சியை முடித்துவிட்டாள். வேலையும் தருவதாகச் சொல்லிவிட்டார்கள். ஆனால் இனி பள்ளி வேன் வராது. பஸ் மாறி அவளாகவே போய்வர வேண்டும். அதற்குத்தான் இன்றைக்குத் தேர்வு.

“மூணு பெருக்கல் குறி விழுந்தா இந்தத் தடவை பாஸ் கிடையாது. அடுத்த தேர்வு ஆறு மாசம் கழிச்சுத்தான்” என்று டீச்சர் ஏறும்போதே சொல்லியிருந்தார். “நீங்க பேசக் கூடாது, கிட்டப் போகக் கூடாது.”

“அதுவரைக்கும் அந்த வேலையைக் காலியா வெச்சிருப்பாங்களா?”

“மாட்டாங்கம்மா.”

பஸ் மாறும் இடத்தில் எல்லோரும் இறங்கினார்கள். மகள் சாலையோரம் போய் நின்றாள். பச்சை விளக்கு விழுந்தது. சுற்றி இருந்தவர்கள் கடந்தார்கள். அவள் மட்டும் தன் செருப்பைப் பார்த்தபடி நின்றாள்.

“பச்சை விழுந்துடுச்சுடி, போயேன்…” அம்மா தன்னையறியாமல் நாலடி முன்னால் போய்விட்டாள்.

பின்னால் பேனா கீறும் சத்தம். முதல் பெருக்கல் குறி.

“பதட்டத்துல நின்னுட்டா டீச்சர். இதுக்குப் போயா?”

“போட்டது போட்டதுதாம்மா.”

அடுத்த பச்சைக்கு மகள் இரு பக்கமும் பார்த்து நிதானமாகக் கடந்தாள்.

இரண்டாவது பஸ் பாதி வழியில் புகை கக்கி நின்றது. “வண்டி போகாது, எல்லாரும் இறங்குங்க” என்றார் கண்டக்டர். அம்மாவின் கை கைப்பைக்குள் போனது. முன்னால் மகளின் பையில் போன் அடித்தது. மகள் அதை எடுத்துப் பார்த்துவிட்டு, திரும்பப் பைக்குள் வைத்தாள்.

இரண்டாவது பெருக்கல் குறி.

“எடுக்காததுக்கா போட்டீங்க? எடுத்திருந்தா விட்டிருப்பீங்களா?”

டீச்சர் பேனாவால் முன்னால் காட்டினார்.

மகள் கண்டக்டரிடம் போனாள். “அண்ணா, ஆஸ்பத்திரிக்கு வேற வண்டி எது?”

“அங்க போய் நில்லும்மா” என்று அவர் காற்றில் கையை வீசினார்.

அவள் நகரவில்லை. “கையைக் காட்டினா எனக்குப் புரியாது. நம்பர் சொல்லுங்க, நிக்கிற இடம் சொல்லுங்க.”

கண்டக்டர் அப்போதுதான் அவள் முகத்தைப் பார்த்தார். நிதானமாகச் சொன்னார். அவள் இரண்டு தடவை உரக்கச் சொல்லிப் பார்த்துக்கொண்டாள்.

“எனக்கும் ஆஸ்பத்திரிதான்மா” என்று கையில் கட்டுப் போட்ட ஒரு பெரியவர் அவள் பின்னால் நடந்தார். அவரைப் பார்த்து இன்னும் இரண்டு பேர்.

அம்மா கறுப்புக் கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்த்தாள். இன்றைக்குக் காலையில்கூட இவளுக்குத் தலை பின்னிவிட்டு, செருப்பு மாட்டி அனுப்பியவள் அவள். அந்தப் பிள்ளை பின்னால் மூன்று பேர் வழி தெரிந்துகொண்டு போகிறார்கள்.

சரியான நம்பர் வண்டி வந்தது. பிதுங்கும் கூட்டம். மகள் பெரியவரை ஏற்றிவிட்டுத் தானும் ஏறினாள். அம்மா ஓடி வருவதற்குள் கதவு மூடிவிட்டது.

கத்தினால் கேட்கும். கதவைத் தட்டினால் நிற்கும். அம்மா கையை ஓங்கிவிட்டாள். டீச்சர் பேனாவைத் தாளில் ஊன்றியபடி காத்திருந்தார்.

ஓங்கிய கையால் அம்மா தன் வாயைப் பொத்திக்கொண்டாள். வண்டி முனை திரும்பி மறைந்தது.

“இனிமே அவ என்ன செய்றான்னு எப்படித் தெரியும் டீச்சர்?”

“தெரியாதும்மா” என்றார் டீச்சர். “அடுத்த வண்டி பத்து நிமிஷம்.”

அந்தப் பத்து நிமிடமும் அம்மா விளக்குக் கம்பத்தைப் பிடித்த பிடியை விடவில்லை.

சலவைக்கூட வாசலில் மகள் நின்றிருந்தாள். நீலச் சீருடை, தலைமுடியை மூடிய தொப்பி, கழுத்தில் அடையாள அட்டை. அம்மாவுக்கு ஒரு நொடி அடையாளமே தெரியவில்லை. யாரோ ஒரு பெரிய பெண் என்றுதான் நினைத்தாள்.

“பாஸாயிட்டாளா டீச்சர்?”

“அவ போன மாசமே பாஸ். வேன் முதல் பஸ் ஸ்டாப்புல இறக்கிவிட்டுடும், அங்கேர்ந்து பதினோரு தடவை தனியா வந்துட்டா. அவங்க அப்பாகிட்ட கையெழுத்து வாங்கித்தான் செஞ்சோம். உங்ககிட்ட சொல்லத்தான் அவருக்குத் தைரியம் வரலை.” டீச்சர் தாளை உருவினார். “எங்க பிள்ளைங்க வழி தெரியாம வேலையை விட்டதில்லம்மா. வீட்டுல விட மாட்டேங்குறாங்கன்னுதான் விட்டிருக்காங்க.”

தாளில் தேர்வு எழுதுபவர் என்ற இடத்தில் அம்மாவின் பெயர் இருந்தது.

டீச்சர் தாளை மகளிடம் நீட்ட, அவள் குறிகளை விரல் வைத்து எண்ணினாள். “ரெண்டுதான். நீ மெதுவா இறங்கினேன்னு ஒரு பச்சையை விட்டுட்டு உனக்காக நின்னேன்மா” என்றபடி, தேர்வு நடத்துபவர் என்ற இடத்தில் ஒவ்வோர் எழுத்தாகத் தன் பெயரை எழுதினாள்.