பங்காளி

“நம்மளப் பங்காளின்னு எழுதியிருக்கான் அண்ணி!” கைப்பேசியை நீட்டிச் சிரிக்கிறாள் நாத்தனார். “பங்காளிதானே நம்ம பங்கையும் சேத்துப் பிடுங்குவான்,” என்கிறாள் அண்ணி, தையல் மெஷினிலிருந்து நிமிராமலே. அவர்கள் தைக்கும் குழந்தைச் சட்டைகளை விற்றுத்தரும் இணையச் சந்தை கமிஷனை ஏற்றிவிட்டது. விற்ற பணமும் இனி ஒரு மாதம் கழித்துத்தான் வருமாம். ‘உங்கள் வளர்ச்சிக்காக’ என்று அது அனுப்பிய செய்தியின் கீழே ஒரு பூங்கொத்துப் படம். “வளர்ச்சியாம், மூஞ்சியப் பாரு!” நாத்தனார் பார்சல் டேப்பைக் கிறீச்சென்று இழுக்கிறாள். ஜன்னல் வெயிலில் பஞ்சுத்தூசி அவசரமே இல்லாமல் மிதக்கிறது. கடைசித் துணியும் ஊசிக்கடியில் தீர்ந்து மெஷின் நிற்கிறது. ஆர்டர்களோ பாக்கி இருக்கின்றன. தாமதமானால் அதற்கும் அபராதம். அண்ணி நூலைப் பல்லால் அறுத்துவிட்டுத் துணிக்கடைக்காரரை அழைக்கிறாள், குரலைத் தாழ்த்திக்கொள்கிறாள். “அண்ணே, இந்த ஒரு மாசம் மட்டும் துணியைக் கடனாக் குடுப்பீங்களா?”