செருப்பு வாசம்

நாய்களின் கழுத்துப்பட்டை பேசத் தொடங்கிய பிறகு, எங்கள் தெருவிலுள்ள நாய்க் குளியல் கடையில் எதை விற்பது என்பதை நாய்களே முடிவு செய்கின்றன. அன்று வாசனைத் தைலத் தேர்வு. கடைக்காரி தாமரைச்செல்வி ரோஜாவை நீட்டினாள்.

"தலைவலி" என்றது ஒரு நாய். மல்லிகைக்கு என் நாய் சின்னராசு ஆயிரம் தும்மல் போட்டான்.

"எதுவுமே புடிக்கலீன்னா கடையச் சாத்த வேண்டீதுதானுங்க சார்" என்று அவள் கண் கலங்கினாள்.

சின்னராசு வாசலுக்கு ஓடி, நான் கழற்றிப்போட்ட பழைய செருப்பைக் கவ்வி வந்தான்.

"இதுதான்!" என்றன அங்கிருந்த பதினேழு நாய்களின் பட்டைகளும்.

இப்போது அந்த வாசம் குப்பிகளில் அடைபட்டு, நாய் வளர்க்கும் வீடெல்லாம் விற்றுப் பறக்கிறது. முப்பது வருஷமாக அந்தச் செருப்பை வீட்டுப்படி ஏறவிடாத என் மனைவி அமுதவல்லி நேற்று மூக்கைப் பொத்திக்கொண்டு வந்தாள்.

"ஏனுங்க, எந்த வீட்டுக்குப் போனாலும் எனக்கு முன்னாடி நீங்க வந்து நிக்கறீங்களே!"