மடிப்புக்குப் பின்னால் பதினோராவது ஆள்

ஜெர்மன் சிற்றூர் ஒன்றின் கால்பந்துக் கழகக் கட்டடத்தில், நீள மேசையில் படச்சட்டம் குப்புறக் கிடக்கிறது. நூற்றாண்டு விழாவுக்குக் கண்ணாடியைத் துடைக்கலாமென்று பின்பலகையைக் கழற்றியது முதியவர் வெண்டலின் கிராட்டர்தான். தச்சரான அவருடைய அப்பா கோட்லீப் 1933-இல் தன் கையால் அடித்த சின்ன ஆணிகள். இதுவரை வேறு யாரும் அவற்றைத் தொட்டதில்லை. மாவட்டக் கோப்பையை வென்ற கால்பந்து அணியின் பழைய படம். அதில் எப்போதும் அப்பாவையும் சேர்த்துப் பத்துப் பேர்தான். படம் எடுத்த அன்று கோல்காப்பாளருக்குக் காய்ச்சல் என்பார் அப்பா. ஆண்டுதோறும் மேடையில் நெஞ்சை நிமிர்த்தி நின்று அதையே சொல்லிச் சிரிக்கவைத்தவர் வெண்டலின். இப்போது பின்பக்கமாக மடித்திருந்த ஓரம் அவர் விரல்களில் தானாக விரிகிறது. சன்னல் வெயிலில் மடிப்பு வெள்ளைக் கோடாகத் தெரிகிறது. கோட்டுக்கு அப்பால் ஒருவர் பந்தை அணைத்தபடி சிரிக்கிறார். அவர் தோளில் அப்பாவின் கை. கீழே பெயர்: எமில் லேவன்ஸ்டைன். யூதர்கள் என்று 1933-இல் கழகம் வெளியேற்றியவர்களின் பட்டியலில் முதலாவதாக இருந்த பெயர்.

"காய்ச்சக்காரரு நல்லாத்தானே இருக்காரு, ஐயா," என்கிறாள் செயலாளர் உர்சல். வெண்டலினின் முகத்தைப் பார்த்ததும் அவள் குரல் இறங்குகிறது. "மறுபடி மடிச்சிடவா? பத்து மணிக்கு எல்லாரும் வந்துடுவாங்க."

வெளியே பித்தளைக் குழல்கள் சுருதி பார்க்கின்றன. விரித்த படம் சட்டத்தைவிட மூன்று விரற்கடை அகலம். வெண்டலின் மடிப்பை உள்ளங்கையால் நீவிவிடுகிறார்.

"மடிக்காத. சட்டம் வேணாம். அப்பா அடிச்ச ஆணியை எடு, விரிச்சபடியே சுவத்துல அடிச்சிடலாம்."