பம்பில் ஒரு கொக்கி

"கீழ சொட்டுதே, அந்தப் பெட்ரோல் யாருக்குப்பா?"

சின்ன வயதில் அவள் கேட்ட கேள்வி இது. வண்டிக்கு ஊற்றி முடித்து, ரப்பர் குழாயைத் தூக்கி உதறி மாட்டிய பிறகும் அதன் மூக்கிலிருந்து சொட்டிக்கொண்டே இருந்தது. அப்பா சிரித்தார். மறுநாள் பம்பின் பக்கவாட்டில் ஒரு கொக்கி அடித்து, சொட்டுகிற இடத்தில் ஒரு தகர டப்பாவை மாட்டினார். அவள் அதன்மேல் சிவப்புப் பெயிண்டால் ஒரு மீன் வரைந்தாள்.

பதிலை ஊர் சொன்னது. "யாருக்கா? அவருக்குத்தான். சொட்டுச் சொட்டா நம்மகிட்டயே அடிக்கிறாரு."

புகார் போனது. அதிகாரிகள் சோதனைக்கு வந்த காலையில் கொக்கி இருந்தது, டப்பா இல்லை. "எங்கேய்யா ஒளிச்சே?" என்று கேட்டதற்கு, "மேல இருக்கறவருக்குத் தெரியும்" என்று மட்டும் சொன்னார் அப்பா. அப்புறம் யாரும் அந்தப் பக்கம் வண்டியைத் திருப்பவில்லை. பங்க் மூடியது. அவளும் அப்பாவிடம் கேட்கவில்லை. என்ன பதில் வருமோ என்று பயம்.

இப்போது அப்பா இல்லை. பங்க் இருந்த அறையில் அவள் தையல் கடை வைத்திருக்கிறாள். "மிச்சத் துணி யாருக்கு? உங்கப்பா மாதிரி டப்பாவுல பிடிச்சுக்காதே தாயி" என்று இன்றும் கிண்டல் செய்கிறவர்கள் உண்டு. பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு, பம்பைப் பெயர்த்து எடுத்துப் போக இரும்புக் கடைக்காரரை வரச் சொல்லிவிட்டாள். விஷயம் கேள்விப்பட்டு, அவருக்கு முன்னாலேயே வந்து நின்றார் பழைய பம்பு சேர்க்கிற பல் டாக்டர். கூடவே அவர் மனைவி.

"வீட்ல நிக்க இடமில்லம்மா," என்றாள் அந்த அம்மாள். "ஹால்ல ஒண்ணு, மாடிப்படிக்கு அடியில ஒண்ணு. வர்றவங்க உக்கார நாற்காலி கேட்டா, எத்தனை லிட்டர்னு கேக்க வேண்டியதுதான். மூத்தவ பொறந்ததிலேருந்து இந்தக் கிறுக்கு. கார் டிக்கியைத் திறந்தா பெட்ரோல் வாடை. துணிமணி வைக்க முடியல."

டாக்டர் காதில் வாங்கவில்லை. பல் பார்க்கிற குட்டிக் கண்ணாடியைப் பம்பின் கதவிடுக்கில் நுழைத்து, "ஆ காட்டு" என்று சொல்லாத குறையாக உள்ளே எட்டிப் பார்த்தார்.

"கையால ஆட்டி மேல ஏத்துற கண்ணாடித் தலை. கம்பெனித் தகடு விழுந்துடுச்சு, ஆனா உள்ள வார்ப்பு எண் இருக்கு. பெயிண்ட் அடியில பச்சை, அப்புறம் சிவப்பு. கண்ணாடி மாத்தினதே இல்ல. நல்ல சாதி."

பிறகு பக்கவாட்டைத் தடவினார். கை கொக்கியில் நின்றது.

"இது கம்பெனி வச்சதில்லையே?"

"எங்கப்பா அடிச்சது," என்றாள் அவள் தலை நிமிராமல். "திருட்டுக் கொக்கின்னு ஊர்ல பேரு. அதனால வேண்டாம்னா வேண்டாம்னு சொல்லிடுங்க சார்."

"ராத்திரி மூடும்போது சங்கிலி எங்க கட்டுவாரு?"

துருப்பிடித்த இரண்டு கம்பங்களைக் காட்டினாள். டாக்டர் அவற்றையும் கொக்கியையும் மாறி மாறிப் பார்த்தார்.

"கொக்கி சங்கிலிக்கு வெளிய, ரோட்டுப் பக்கமா இருக்கு. திருடறவன் உள்ளதானேம்மா மாட்டுவான்?"

மூக்குக் கண்ணாடியைக் கழற்றி வெகுநேரம் துடைத்தார். "குடிக்கக் கொஞ்சம் தண்ணி கிடைக்குமா?"

அவள் உள்ளே போனாள். தைத்து மாட்டியிருந்த உடைகளைப் பார்க்க அந்த அம்மாளும் கூடவே போனாள். தண்ணீரோடு திரும்பியபோது டாக்டர் டிக்கியைச் சாத்திக்கொண்டிருந்தார்.

"மன்னிச்சுக்கம்மா, நான் வாங்கல. இனிமே எந்தப் பம்பும் வாங்கப் போறதில்ல."

மனைவி கணவரை ஏற இறங்கப் பார்த்தாள். "தண்ணியில ஏதாவது மந்திரிச்சுக் குடுத்தியாம்மா? இன்னொரு சொம்பு இருந்தா குடேன்."

கார் போய்விட்டது. பழைய இரும்பின் மேல் பைத்தியமாக இருப்பவருக்குக்கூட அந்தக் கொக்கி ஆகவில்லை என்று எண்ணியபடி அவள் தையல் மெஷினில் உட்கார்ந்தாள். ஊசியில் நூல் ஏறவே இல்லை.

சற்று நேரத்தில் இரும்புக் கடைக்காரர் வண்டியோடு வந்தார். "அக்கா, இதுல என்னமோ தொங்குதே?"

எட்டிப் பார்த்தாள். கொக்கியில் ஒரு தகர டப்பா. அதன்மேல், பாதி அழிந்துபோன சிவப்பு மீன். கழற்றப் போனவள் கனம் தாங்காமல் இரண்டு கையாலும் பிடித்தாள். மூடி இறுகியிருந்தது. உள்ளே விளிம்பு வரை பெட்ரோல்.

மூத்தவள் பிறந்ததிலிருந்து இந்தக் கிறுக்கு என்று அந்த அம்மாள் சொன்னாளே.

பிரசவ வலியில் துடிக்கிற மனைவியை வண்டியில் வைத்துக்கொண்டு, தெரியாத சாலையில், மூடிக் கிடக்கிற பங்க் முன்னால் பெட்ரோல் தீர்ந்து நின்றவன் யாரை எழுப்புவான்? சங்கிலிக்கு வெளியே டப்பா கைக்கு எட்டியிருக்கிறது. எடுத்துக்கொண்டு ஓடியிருக்கிறான். எந்தச் சாலை, எந்தப் பங்க் என்று பிறகு அவனுக்குப் பிடிபடவில்லை. யார் எடுத்தது என்று அப்பாவுக்கும் தெரியவில்லை. விடிந்ததும் அதிகாரிகள் வந்திருக்கிறார்கள்.

"நிறைய இருக்கும் போலிருக்கே," இரும்புக் கடைக்காரர் கை நீட்டினார். "இதையும் வண்டியில ஏத்திடவா? யாருக்குக்கா இது?"

அவள் கைப்பிடியை முந்தானையால் துடைத்து, டப்பாவை இருந்த இடத்திலேயே மாட்டினாள்.

"கடை மூடினப்புறம் வர்றவங்களுக்குண்ணே."