ஆவுடையப்பனின் இடது கை

பக்கவாதம் வந்து தேறிய பிறகு ஆவுடையப்பனின் இடது கை அவர் பேச்சைக் கேட்பதில்லை. அது பாட்டுக்கு எழுந்து, பக்கத்தில் உட்காரும் சொர்ணத்தின் காதோர முடியை ஒதுக்கிவிடும். இருபத்தாறு வருடக் குடித்தனத்தில் அவர் ஒருநாளும் செய்யாத காரியம்.

"நீங்களா செய்றீங்க?" என்று முதல் நாளே கேட்டாள்.

"நான் எங்க செய்றேன்? அதுவா போகுது. தடவிப் பாக்க உன் தலையில அப்படி என்ன இருக்கு?"

இன்று டாக்டர் ஒரு மாத்திரை எழுதிக் கொடுத்திருந்தார். போட்டால் கை அடங்கிவிடுமாம். அதைப் பிரித்து உள்ளங்கையில் வைத்துக்கொண்டு, மறுகையில் தண்ணீர் டம்ளரோடு அவர் முன்னால் வந்து உட்கார்ந்தாள் சொர்ணம்.

"கொடு, முழுங்கிடுறேன். உனக்கும் தொந்தரவு விட்டுது," என்று வாயைத் திறந்தார்.

அதற்குள் இடது கை வந்து அவள் விரல்களை ஒவ்வொன்றாக மடக்கி, மாத்திரையோடு சேர்த்துப் பொத்திக்கொண்டது. வெதுவெதுப்பாக இருந்தது.

"விடச் சொல்லுங்க."

"சொல்லிட்டுத்தான் இருக்கேன்," என்றார், அவள் முகத்தைப் பார்க்காமல்.

யார் பேச்சைக் கேட்பது என்று அவளுக்கு விளங்கவில்லை. கையை உருவிக்கொள்ளத்தான் நினைத்தாள். டம்ளர் எப்போது தரைக்குப் போனது, தன் இன்னொரு கை எப்போது அந்தக் கையின் மேல் போய்ப் படிந்தது என்று அவளுக்குத் தெரியவில்லை.