அதே மாதிரித் துவக்கு

குணசேகரத்துக்குப் பசி வயிற்றைக் கிள்ளியது. விடிய விடிய பேக்கரியில் மா மூட்டை தூக்கிவிட்டு வந்தவரை, சப்பாத்தைக் கழற்றக்கூட விடாமல் இழுத்துக்கொண்டு வந்திருந்தான் சிவநேசன்.

"உங்கடை சிவப்புப் பாஸ்போட்டாலை எனக்கொரு உதவி வேணும், அண்ணை" என்று அவன் கேட்டதும் மனிதர் பசியோடு புறப்பட்டுவிட்டார். சுவிஸ் குடியுரிமை கிடைத்த நாளிலிருந்து, பஸ்ஸில் டிக்கெட் கேட்டாலும் அந்தப் பாஸ்போட்டைத்தான் முதலில் எடுத்து நீட்டுகிறவர் அவர்.

எம்மன்புரூக்கே ஸ்டேஷனுக்குப் பின்னால் இருந்த அடகுக்கடைக்குள் நுழைந்த பிறகுதான் சிவநேசன் விஷயத்தைக் கக்கினான்.

"ஒரு துவக்கு வாங்கவேணும். பழசெண்டாலும் போதும்."

குணசேகரத்தின் பசி போன இடம் தெரியவில்லை.

"துவக்கோ? பெடியன் ஆமிப் பயிற்சி முடிச்சு வந்தானெண்டு போன மாசம் கோயில் முழுக்க லட்டுக் குடுத்தாய். இப்ப அப்பனுக்கும் ஆமி விளையாட்டுக் கேக்குதோ?"

சிவநேசன் சிரிக்கவில்லை. சலவைச்சாலையின் கொதி ஆவிக்குள் வேலை செய்கிறவன், ஐஸ் பெட்டிக்குள் நின்றவனைப்போல விறைத்த கால்களை மாறி மாறித் தேய்த்துக்கொண்டிருந்தான்.

கண்ணாடிப் பெட்டிகளுக்குள் ஒருவரும் மீட்க வராத மணிக்கூடுகளும் கலியாண மோதிரங்களும் கிடந்தன. பின்சுவரில் சங்கிலி போட்டுப் பூட்டிய துவக்குகள். கடைக்காரி வேட்டைத் துவக்கு ஒன்றை எடுத்து வைத்தாள். சிவநேசன் தலையாட்டி மறுத்தான். கைத்துப்பாக்கியைக் காட்டினாள். அதுவும் வேண்டாமாம்.

"அது" என்று சுவரைக் காட்டினான். "இஞ்சத்தை ஆமிக்காரர் வச்சிருக்கிறது. அதே மாதிரித்தான் வேணும்."

குணசேகரம் பதறி ஓரடி பின்வாங்கினார். போன திருவிழாவில் கோயில் தலைவர் தில்லைநாதன் எல்லாருக்கும் முன்னால் இவனை மடப்பள்ளியிலிருந்து கழுத்தில் பிடித்துத் தள்ளியது கண்முன்னே வந்தது. அந்தப் பதற்றத்துக்குள்ளும், தலைவர் போனால் உபதலைவர்தான் தலைவர் என்று ஒரு கணக்கு ஓடியது. உபதலைவர் குணசேகரம்தான்.

துவக்கு தன் பெயரில் அல்லவா வாங்கப்படப்போகிறது என்று உறைத்தபோதுதான் அவருக்கு வியர்த்தது.

கடைக்காரி சிவநேசனின் பாஸ்போட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டுத் திருப்பித் தள்ளினாள். "இலங்கைக் குடிமக்களுக்கு விற்க முடியாது. சட்டம்."

சிவநேசன் குணசேகரத்தின் விலாவில் இடித்தான். வேறு வழியில்லாமல் அவர் தன் சிவப்புப் பாஸ்போட்டை, அர்ச்சனைத் தட்டை நீட்டுவதுபோல் நீட்டினார்.

"நல்லது. பொலிஸ் அனுமதிப் பத்திரம்?"

அது அவரிடம் இல்லை. சிவப்புப் பாஸ்போட் இருந்தால் இந்த நாட்டில் வேறு எதுவுமே தேவைப்படாது என்றுதான் இத்தனை நாளும் நம்பியிருந்தார்.

சிவநேசன் இது எதையும் கவனிக்கவில்லை. துவக்கின் உடம்பில் வெட்டியிருந்த இலக்கத்தை மூக்கு முட்டப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"இந்த நம்பரை அழிச்சிட்டு வேறை நம்பர் வெட்டலாமோ?"

கடைக்காரி துவக்கைத் திரும்பவும் சங்கிலியில் பூட்டினாள். பிறகு டெலிபோனைப் பார்த்தாள். அவள் கை அதற்குப் போவதற்கு முன்பே இருவரும் தெருவில் நின்றார்கள்.

"உண்மையைச் சொல்லு, மடையா. தில்லைநாதனைத்தானே?"

"தில்லைநாதனை என்ன?"

"சுட!"

"ஐயோ, நான் ஒருத்தரையும் சுடப்போகேல்லை, அண்ணை. எனக்குச் சுடவும் தெரியாது." பஸ் தரிப்பிட வாங்கில் தொப்பென்று உட்கார்ந்தான் சிவநேசன். "போன கிழமை என்ரை பெடியன் ஜெரோசன்ரை கட்டிலுக்குக் கீழை கூட்டினன். போர்வையாலை சுத்தினபடி ஒரு துவக்குக் கிடந்தது."

குணசேகரம் வாயைப் பொத்திக்கொண்டார். ஃப்ரிபூர்க்கில் படிக்கிற பிள்ளை! எந்தக் கூட்டத்தோடு போய்ச் சேர்ந்தானோ!

"நீங்களே சொல்லுங்கோ. வீட்டுக்கை துவக்கைக் கண்டால் ஊரிலை நாங்கள் என்ன செய்யிறனாங்கள்?"

"கிணத்துக்கை போடுவம்." யோசிக்காமலே வந்தது பதில். "ஆமி வாறதுக்கு முன்னம்."

"இஞ்சை கிணறு ஏது? எம்மே ஆத்துக்கை எறிஞ்சிட்டன்."

"கெட்டிக்காரன்!" குணசேகரம் அவன் தோளில் ஓங்கித் தட்டினார். "பெடியனைக் காப்பாத்திப்போட்டாய். பிறகேனடா இன்னொண்டு வாங்க நிக்கிறாய்?"

"முந்தநாள் ஃபோன் எடுத்தவன். சனிக்கிழமை வாறானாம். அதை எடுத்துத் துடைச்சு வைக்கட்டாம், கொண்டுபோகவேணுமாம். அண்டையிலையிருந்து ஆத்துக்கை இறங்கித் தடவுறன், அண்ணை. அம்பிடேல்லை. வெள்ளம் கொண்டுபோட்டுது."

"பாத்தியோ! பெற்ற தகப்பனிட்டையே துடைச்சு வைக்கச் சொல்லுற அளவுக்கு வந்திட்டான். எந்தக் காவாலி குடுத்ததாமடா அந்தத் துவக்கை?"

சிவநேசன் குனிந்து தன் ஈரச் சப்பாத்துகளைப் பார்த்தான்.

"பயிற்சி முடிய ஆளுக்கொண்டு வீட்டுக்குக் குடுத்துவிடுறதாம். சுவிஸ் ஆமிக்கு நான் ஒரு துவக்குக் கடன், அண்ணை."